மண்ணிறம்

முதல் தொகுதி முழுக்க மண்ணிறம்.
எலியின் சிறுநீரகம், அதன் நுண்குழாய்,
குழாய்க்கு வெளியே ஒன்றுமேயில்லாத இடம்
எல்லாம் ஒரே நிறம்.
கிருமி எங்கே என்றால்
எங்கும் என்கிறது நுணுக்குக்காட்டி.
எங்கும் என்பது பதிலில்லை.

காலபோக அறுவடையில் பிடித்த எலிகள்,
கனகாம்பிகைக்குளத்துக்குக் கீழே, பன்னிரண்டு வயல்.
மூன்றாம் இலக்கத்து மாசிலாமணி
காய்ச்சலில் ஒன்பது நாள் ஆசுப்பத்திரியில் கிடந்து எழும்பியவர்.
"எலியில இருந்ததோ பிள்ளை?"
இரண்டு தரம் எடுத்துக் கேட்டுவிட்டார்.

சந்தேகம் வந்தால் வெறும் வழுக்கியைப் பார்க்கவேண்டும்,
முதற் பிறபொருளெதிரி ஊற்றாத வழுக்கியை,
எவரையும் தேடச் சொல்லாத வீட்டை.
அதுவும் மண்ணிறம்.
அப்படியென்றால் பிழை எலியிலில்லை,
என்ர கையில்.

முதலாவது முயலில் எடுத்தது, கிருமியைத் தேடும்.
இரண்டாவது ஆட்டில் எடுத்தது, முயலைத் தேடும்.
முயலைக் காணாவிட்டால்
வெறுமையாய்க் கண்ட இடத்திலெல்லாம் குந்திவிடும்.
பரந்தன் பஸ்ஸில் யன்னலுக்குள்ளால்
கைலேஞ்சி எறிந்து சீட் பிடிப்பது போல
இடங்களை முந்தியே பிடித்து வைக்கவேண்டும்,
எதையும் தேடாத ஆட்டுப் புரதத்தால்.

குளிரூட்டியில் போத்தல் வெறும் போத்தல்.
கொழும்பு மூன்று கிழமை என்றது.
கன்ரீன் பால்மாவைக் கரைத்துப் பார்த்தேன்;
கொழுப்பு படிந்து
மார்கழி விடியலில் கண்டி வீதி போலாயிற்று வழுக்கி.

மலையாளபுரத்தில் ஆடு இருக்கென்றார் றெஜினோல்ட்.
கால்நடை வைத்தியரையும் ஏற்றிக்கொண்டு போனோம்.

"எவ்வளவு எடுப்பியள்?"
"இருபது மில்லி, அக்கா."
"ஆட்டு இரத்தம் எலிக்காய்ச்சலுக்கு மருந்தோ?"
"மருந்தில்லை. அது சும்மா இருக்கும்.
சும்மா இருந்து, மற்றதை ஒட்டவிடாது."
சகாயமேரி அக்கா ஆட்டின் கழுத்தைப் பிடித்தபடி சிரித்தா.
"சும்மா இருக்கிறதும் ஒரு வேலையெண்டு
என்ர மனுசனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

உறைய விட்டு, சுழற்றி,
வைக்கோல் நிற நீர்ப்பாயத்தை மட்டும் உறிஞ்சி எடுத்தேன்.
ஐம்பத்தாறு பாகையில் அரை மணி.
இருபதாவது நிமிடத்தில் கரண்ட் போய்விட்டது.
திரும்ப முதலிலிருந்து.

பேரொட்சைட்டு முந்தி. எலியின் குருதிக்குச்
சொந்தமாய் நொதியம் உண்டு,
கேளாமலே சாயம் போடும்.
நுரைத்து, நுரைத்து, அடங்கியது.
பிறகு ஆடு. நூற்றுக்குப் பத்து,
ஈரத்துணி விரித்த சாப்பாட்டுப் பெட்டிக்குள்
ஒரு மணித்தியாலம்.
பிறகு கழுவக்கூடாது. தட்டி வடிக்கவேண்டும்.
போன தடவை கழுவினேனோ? கொப்பியில் இல்லை.

பின்னேரம் நாலு மணி.
வெறும் வழுக்கியில் கருக்களின் நீலம் மட்டும்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் இலக்கத்து எலியில், குழாயின் நடுவில்,
மயிரிலும் மெல்லிய மண்ணிற இழைகள்.
சுற்றிவர ஒன்றுமில்லை.
மூன்றாம் இலக்கத்தில் காணவில்லை.
ஆட்டைக் குறைத்து, நூற்றுக்கு ஐந்தில் ஒருக்கால்,
இரண்டில் ஒருக்கால் பார்த்தேன்,
உண்மையையும் சேர்த்து மூடிவிட்டேனோ என்று.
இல்லை.

"உங்கட எலியில காணேல்லை, ஐயா."
மறுமுனையில் டிராக்டர் சத்தம்.
"அப்ப எனக்கு எங்காலை வந்தது?"
ஓர் எலி ஒரு வயலில்லை என்றேன்.
அவர் வைத்துவிட்டார்.

பிறகு ஏழாம் இலக்கம், தவமலர்.
மணி அடித்துக்கொண்டேயிருந்தது.
சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து இரண்டு நாள்.
போனைக் கரையில் வைத்துவிட்டு
முழங்காலளவு சேற்றுக்குள் நிற்பா,
வெறுங்காலோடு.